பெட்டை என்று அனுப்பிய சேவல்கள்

ஆரோக்கியமேரிக்கு வேலை போனது என்னால். தவறு என்னுடையது, பழியை அவர்மேல் போட்டேன்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சு மட்டுமே போக வேண்டும். எங்கள் ரகத்தில் இறக்கையை விரித்துப் பார்த்தே சொல்லிவிடலாம். கீழ்வரிசை இறகு மேல்வரிசையைவிட நீண்டிருந்தால் பெட்டை; இரண்டும் சமமாக இருந்தால் சேவல். ஆனால் பொரித்தவுடனே பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் சேவலுக்கும் கீழ்வரிசை வளர்ந்துவிடும்.

ஒருமுறை காரியாபட்டியில் கல்யாணம். "நான் வராம ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் இல்லாமலே வேலை நடக்கும் என்பது முதலாளிக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் காரணம். மறுநாள் குஞ்சு பொரிக்கும் நேரத்துக்கு வருவதாகச் சொன்னவன், அதற்கும் அடுத்த நாள்தான் வந்தேன்.

குஞ்சு பார்த்துப் பிரிக்கும் ஆரோக்கியமேரி ஒரு குஞ்சின் இறக்கையை விரித்துக் காட்டினார். "சார், எல்லாம் பொட்டையாட்டந்தான் தெரியுது. வேணாம் சார்."

காலம் கடந்துவிட்டது எனக்கும் தெரிந்தது. "வேன் நிக்குதும்மா. பாத்து அனுப்பு" என்றேன்.

சில மாதங்களில் பரளச்சிப் பண்ணைக்காரர் வந்து நின்றார். "ஏய்யா, முட்டைக்கோழி கேட்டா சண்டைக்கு விடவா குடுத்தீக? விடிஞ்சா கொட்டகையே கூவுது!"

முதலாளி என்னைப் பார்த்தார். "இந்த லாட்டு மேரி பாத்தது" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் சொல்லச் சுலபமாக இருந்தது. அன்றே மேரியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். வேறு பொரிப்பகத்திலும் சேர்க்கவில்லை.

ஓய்வு பெற்றபின் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "பழைய கதைய விடுங்க சார்" என்று காபி வரவழைத்தார். பிறகு திருச்சுழிக்கு அப்பால் ஆரோக்கியமேரியின் ஊருக்குப் போனேன். வாசலில் அவர் கணவர் சூசை உட்கார்ந்திருந்தார். மேரி வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. இந்தா ஒக்காந்திருக்காகள்ல, இவுககிட்டச் சொல்லுங்க. கொழம்புல உப்புக் கூடுனாக்கூட, 'குஞ்சு பாக்கத் தெரியாதவ'ம்பாக."

சூசையிடம் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். நடுவில் அவர் பீடியை அணைத்துவிட்டார்.

"அப்ப இவ மேல தப்பில்லையா?"

"இல்லை. பார்க்க முடியாத குஞ்சைப் பார்க்கச் சொன்னது நான்."

"இம்புட்டு வருசமா வாயில என்ன சார் வச்சிருந்தீக?"

மேரி குறுக்கிட்டார். "அவர அப்புறம் கேளுங்க. நீங்க இனிமே அந்தப் பேச்சுப் பேசுவீகளா?"

"பேசல."

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும்."

"பேச மாட்டேன் தாயி!" என்றார் சூசை, உரக்க.

மேரி என் பக்கம் திரும்பினார். "சரி சார், பஸ்ஸு வந்துரும்."

உட்காரச் சொல்லவில்லை. வந்ததிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தேன். அப்படியே திரும்பி நடந்தேன்.