அட்டையை வாங்கிக்கொண்டது நான்

படையெடுத்துப் போன நாட்டை விட்டு ராணுவம் திரும்புவது நியாயமா, அங்கேயே இருப்பது நியாயமா? போன வருஷம் ஆடித் திருவிழாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் நடந்த பட்டிமன்றத்துக்கு இதுதான் தலைப்பு. அதற்கு முந்தின வருஷம் மாமியாரா மருமகளா. அதற்கும் முந்தின வருஷம் செல்போனால் நன்மையா தீமையா. டிவியில் ஏதோ ஒரு போர் ஓடிக்கொண்டிருந்ததால் இந்தத் தடவை உலக விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். உலக விஷயத்துக்கு அவர்களுக்குக் கிடைத்த ஆள் நான்.

நான் ராணுவக்காரன் இல்லை, சமையல்காரன். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேண்டீனில் இருக்கிறேன். அதற்கு முன்னால் நான்கு வருஷம் ஆப்கானிஸ்தானில், அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. துபாய் ஏஜெண்ட் மூலமாகப் போனது. என் அப்பா மாகறல் பக்கம் அடுத்தவன் நிலத்தில் நாற்று பிடுங்கினவர். நான் அடுத்தவன் ராணுவத்துக்கு முட்டை பொரித்தேன். எங்கள் வீட்டு முன்னேற்றம் அவ்வளவுதான்.

கூப்பிட வந்தவன் என்னோடு ஒன்பதாவது வரை படித்தவன். வீட்டில் இரண்டு தறி, விழாக் கமிட்டியில் செயலாளர். "நீ அங்க இருந்தவன்பா. நேர்ல பாத்தவன். நீ பேசினாத்தான் எடுபடும்" என்றான். எங்கள் காலனி ஆள் ஒருவனை அந்தத் தெரு மேடைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் படியிறங்கியதும் என் மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான்கு பேரிடமும் சொன்னாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பிளெக்ஸ் அடிக்க அங்கே எடுத்த போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டான். என் போனில் நல்லதாக ஒன்றுதான் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் பின்கட்டில் பெரிய அண்டாக்களுக்கு முன்னால் நானும் இன்னொருத்தனும் நிற்கிற படம். அதை அனுப்பிவிட்டு, "என்னை மட்டும் வெட்டி எடுத்துக்கோ, பக்கத்துல இருக்கிறவன் மூஞ்சி வரக்கூடாது" என்று வாயாலேயே பேசியும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலை நான் நம்பினேன்.

பக்கத்தில் நிற்பவன் உள்ளூர்க்காரன். பாத்திரம் தேய்க்கும் வேலை. முகாமிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் அவன் கிராமம். தினமும் காலையில் மூன்று இடத்தில் கையைத் தூக்கிச் சோதனைக்கு நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவான். கழுத்தில் அட்டை தொங்கும், அதில் அவன் முகமும் ஒரு நம்பரும். இந்திப் படம் பார்த்துக் கற்றுக்கொண்ட இந்தி அவனுடையது, ஏஜெண்டிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட இந்தி என்னுடையது. வெங்காயம் உரிக்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்போம். என்னை பாய் என்பான், இந்தியில் அண்ணன் தம்பி மாதிரி.

அவன் சித்தப்பா வீட்டின் மேல் இந்த ராணுவத்தின் விமானம்தான் குண்டு போட்டது. அப்புறம் ஏன் இங்கே வந்து தட்டு கழுவுகிறாய் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "வீட்டுல ரெண்டு பொண்ணு இருக்கு பாய், உனக்கு என்ன கேள்வி" என்றான். அவர்கள் போய்த் தொலைய வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. "போகட்டும். ஆனா எந்த நாள்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும். அதுக்கு முன்னாடியே நாங்க வேற ஊருக்குக் கெளம்பிடுவோம்" என்றான். முகாமில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் பின்னால் ஆட்சிக்கு வருகிறவர்கள் விடமாட்டார்கள். இது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் யாரும் சொல்லவில்லை. முகாமைக் காலி செய்வது எங்களுக்கே முந்தின நாள்தான் தெரிந்தது. மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு இந்தி வரும் என்பதால் என்னை. "உள்ளூர் ஆளுங்க சாயந்திரம் வெளியே போகும்போது எல்லார் அட்டையும் வாங்கிடு. புது அட்டை தரப்போறோம்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே." முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். விமானத்தில் என் பெயர் இருக்காதோ என்ற பயத்தில் சொல்லவில்லை. பயம் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அதற்கு வேலை என்று பெயர் வைத்திருந்தேன்.

அவன் கடைசியாக வந்தான். அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"புதுசு எப்போ தருவாங்க?"

"நாளைக்கு."

"அப்போ நாளைக்கு வரணுமா?"

"வா. வழக்கமான நேரத்துக்கு வா" என்றேன்.

அட்டைகளை ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கட்டி, முகாமின் பின்னால் குப்பை எரிக்கும் குழியில் நானே வீசினேன். மறுநாள் காலையில் அவன் வாசலில் வந்து நின்றபோது வாசலில் ஆளே இல்லை. நான் துபாயில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்துத் தலைநகரமும் விழுந்தது. விமான நிலையத்து மதிலுக்கு வெளியே, சாக்கடைத் தண்ணீரில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். மதில் மேல் நிற்கிறவன் அட்டை கேட்கிறானாம். "நான் வேலை செஞ்சேன்னு காட்ட ஏதாவது இருக்கா பாய்?" என்னிடம் இருந்தது இந்தப் போட்டோ ஒன்றுதான். அனுப்பினேன். அண்டாவோடு நிற்கிற படத்தை எவன் மதிப்பான்? ஒதுங்கு என்று கையைக் காட்டிவிட்டார்கள். கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

அதற்கப்புறம் அவன் வேறு ஊர். முகாமில் இருந்த வருஷமெல்லாம் செங்கல் சூளையில் வேலை பார்த்ததாக அங்கே சொல்லி வைத்திருக்கிறான். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேசுவோம். ஆட்சிக்கு வந்தவர்கள் வீட்டை இரண்டு தடவை சோதனை போட்டார்களாம். "அட்டையை நீ வாங்கினது நல்லதாப் போச்சு பாய். வீட்டுல இருந்திருந்தா மாட்டியிருப்பேன்" என்றான். அது உண்மையா, என் மனசு நோகக் கூடாது என்று சொன்னதா, எனக்குத் தெரியாது. போனில் இருந்த அந்தப் போட்டோவை அன்றைக்கே நான் அழித்திருக்க வேண்டும். அழிக்க மனசு வரவில்லை.

பட்டிமன்றத்தன்று ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் தெருவுக்குப் போனேன். காலையில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற கம்பங்கள் இரண்டுக்கும் நடுவில் பிளெக்ஸ் கட்டியிருந்தது. மேலே 'போர்முனையில் நம்ம ஊரு சிங்கம்'. கீழே ஆள் உயரத்துக்கு நான், கையில் கரண்டி. என் பக்கத்தில் அதே உயரத்துக்கு அவன். தலைப்பாகை, தாடி, இடது புருவத்துத் தழும்பு, ஒன்று விடாமல் பளிச்சென்று இருந்தது. என் கை அவன் தோளில் கிடந்தது.

செயலாளரை வீட்டிலிருந்து கூப்பிட்டேன். தறியிலிருந்து எழுந்து வந்தான்.

"வெட்டச் சொன்னேன் இல்லபா?"

"வெட்டிப் பாத்தோம்பா. நீ மட்டும் நின்னா ஒரகடத்துல நிக்கிற மாதிரி இருக்குது. தலப்பாக்காரன் இருந்தாத்தான் ஆப்கானிஸ்தான்னு தெரியுது."

"எப்போ கட்டினீங்க?"

"நேத்து காலைல. பேஸ்புக்லயும் போட்டாச்சு. எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சுக்கினு இருக்காங்க. ஊருக்கே பெருமைபா."

"அவன் உயிரு போயிடும்டா."

அவன் சிரித்தான். கெட்டவன் இல்லை, அதனால்தான் அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது. "அங்கேர்ந்து எவன்பா பிள்ளையார்பாளையம் பிளெக்ஸப் பாக்கப் போறான்?" என்றான்.

பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கினேன். அவன் பைக்கையே தள்ளி வந்து சீட்டின் மேல் ஏறி நின்று, தலைப்பாகையிலிருந்து தாடி வரைக்கும் சதுரமாக அறுத்தேன். தெருவே கூடிவிட்டது. கமிட்டி பிளெக்ஸில் எப்படிக் கை வைக்கலாம் என்று ஒருத்தர் கேட்டார். கூப்பிட்டு மரியாதை பண்ணினால் இப்படித்தான் என்று இன்னொருத்தர் சொன்னார். இப்படித்தான் என்றால் எப்படி என்று நான் அவரைக் கேட்டேன். பேஸ்புக்கில் போட்டதை என் கண் முன்னால் செயலாளரை எடுக்க வைத்தேன். மற்றவர்கள் ஸ்டேட்டஸில் வைத்ததை எங்கே போய்ப் பிடிப்பது? அறுத்த துண்டைச் சுருட்டி டிபன் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் மேடை ஏறியிருக்கக் கூடாது. கோபத்தில் ஏறினேன். திரும்புவதே நியாயம் என்ற அணியில் என்னைப் போட்டிருந்தார்கள். எங்கள் அணித் தலைவர் ஒரு கல்லூரி ஆசிரியர். இதே காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய ராஜா கைலாசநாதர் கோயிலைப் பார்த்து மனம் உருகி, பொன்னையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான், அதைக் கல்வெட்டிலும் பொறித்துவிட்டுப் போனான் என்று முழங்கினார். கைதட்டல். எதிர் அணிக்காரர் பல்லவன் வாதாபியைப் பிடித்து உட்கார்ந்ததைச் சொன்னார். அதற்கும் கைதட்டல். நான் வேறு ஆளை நினைத்தேன். அந்தச் சாளுக்கியன் படைக்கும் இந்த ஊரில் எவனோ ஒருத்தன் சோறு வடித்திருப்பான், சட்டி கழுவியிருப்பான். ராஜா போன மறுநாள் அவன் கதி என்ன? அதை எந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்?

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுக்கவில்லை. "வந்தவன் போகத்தான் வேணும். வந்ததே தப்பு. அதுல பேச ஒண்ணுமே இல்ல" என்று ஆரம்பித்தேன். கைதட்டினார்கள். "ஆனா எப்படிப் போனாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போனாங்க. அந்தப் பொய்யச் சொன்ன வாயி என்னோடது" என்றேன். அட்டை வாங்கினதைச் சொன்னேன். நாளைக்கு வா என்றதைச் சொன்னேன். அவன் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. எல்லாரும் பிளெக்ஸில் ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்தார்கள். அப்போது நடுவர் மணி அடித்தார். நேரமாகிவிட்டதாம்.

நடுவர் அனுபவசாலி. கூட்டம் இறுகிப்போனால் எப்படித் தளர்த்துவது என்று தெரிந்தவர். "தம்பி உருக்கிட்டாரு. விருந்துக்குப் போன மாப்பிள்ளைகூட மாமனார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் கெளம்பணும், அதைத்தான் சொல்றாரு" என்றார். கூட்டம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரிக்கவில்லை. திரும்புவதே நியாயம் என்று தீர்ப்பு வந்தது. நாங்கள் ஜெயித்தோம். பொன்னாடை போர்த்தினார்கள். அதை அங்கேயே நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினேன்.

மறுநாள் சர்ச் முடிந்து வந்ததும் ஆப்கானிஸ்தானுக்கு அவனைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை எடுத்தான். பின்னால் பெண்கள் இரண்டும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மறைக்காமல் சொன்னேன். உன் முகம் எங்கள் ஊரில் ஒன்றரை நாள் தெருவில் தொங்கியது, போனிலும் சுற்றியது என்றேன்.

"பேர் போட்டாங்களா?"

"இல்ல."

"முகாம் பேரு?"

"இல்ல. மூஞ்சி மட்டும்."

"மூஞ்சி மட்டும்" என்று அவனும் ஒருமுறை சொன்னான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பெண்களை அந்தப் பக்கம் போகச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு சாதாரணமாகத்தான் பேசினான். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டான். என் மகன் படிப்பைக் கேட்டான்.

"மறுபடி எப்போ பேசலாம்?" என்றேன்.

"நாளைக்குக் கூப்பிடு பாய். வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு" என்றான்.

நான் அன்றைக்கு வாசலில் நின்று சொன்ன அதே குரல். இனி அவன் எடுக்க மாட்டான், கூப்பிட்டுப் பயனில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அவனும் அன்று என் குரலைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அட்டையைக் கழற்றிக் கொடுத்தானா என்று முதல் தடவையாக நினைத்தேன். தெரிந்தும் மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் நடந்து வந்து நின்றிருக்கிறான்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு, கேண்டீன் பின்வாசலில் நின்று அந்த நம்பரைக் கூப்பிட்டேன்.