அப்பாவின் லைற்றும் என் ஆட்டமும்

போன வெள்ளிக்கிழமை புரோசார்டில் என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெடியளும் பெட்டையளும் சேர்ந்தாடும் டான்ஸுக்குப் போயிருந்தேன். ஆடுவதற்கல்ல, ஜூஸ் விற்பதற்கு. பெற்றோரில் யாராவது உதவிக்கு வேண்டும் என்றார்கள், நான் விடுவேனா? "வந்தாலும் என்னைத் தெரியாத மாதிரி நில்லுங்கோ அம்மா" என்றாள் மகள். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்த் தாய் மெல்லக் கேட்டார், "டான்ஸுக்கெல்லாம் விடுவீங்களோ?" "ஓம், விடுவன். ஆடாமல் வந்தால்தான் ஏசுவன்" என்றேன். அந்த நேரம் மேடையோரம் பழைய விளக்கொன்றை யாரோ போட்டார்கள். சூடேறிய பல்பில் தூசி கருகும் மணம் வந்தது. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அது நான் வளர்ந்த சென்ட் லோரன்ட் வாடகை வீட்டின் மணம். அப்பா வார நாட்களில் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். சனி, ஞாயிறில் தமிழர்களின் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பார். தோளில் கமரா, கமராவின் தலையில் ஒரு லைற். லைற் எரியத் தொடங்கினால் அப்பா வேறு ஆள். நம் கலியாணங்களில் வீடியோக்காரர் வைத்ததுதான் சட்டம் என்பது உங்களுக்குத் தெரியாததா? நேரே மணவறையில் ஏறி, "ஐயா, தாலியை இன்னொருக்கால் கட்டச் சொல்லுங்கோ, படத்தில வடிவா விழேல்லை" என்பார். ஐயரும் மறுபடி கெட்டிமேளம் கொட்டச் சொல்லி மேளக்காரரைப் பார்ப்பார். இரண்டு முறை தாலி கட்டிய மாப்பிள்ளைமார் இந்த ஊரில் பலர் உண்டு. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியிலும் அப்போது அடிக்கடி டான்ஸ் நடக்கும். எனக்கு அது எட்டாக்கனி. "குமர்ப்பிள்ளை பெடியளோட ஆட்டம் போடவோ கடல் கடந்து வந்தனாங்கள்?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அழுதேன், பட்டினி கிடந்தேன். பட்டினி அரை நாள்தான். பின்னேரம் கத்தரிக்காய்ப் பொரியல் மணம் என்னைத் தோற்கடித்தது. ஆனால் நாடகத்துக்கு வீட்டில் தடையில்லை. அம்மாவைப் பொறுத்தவரை பள்ளிக்கூட நாடகம் என்றால் ஊரில் பரிசளிப்பு விழாவில் போடுவது. ஒரு ராசா, ஒரு மந்திரி, கடைசியில் ஒரு நீதி.

அந்த வருடம் மாணவர்கள் நாங்களே, இங்கே பள்ளிப் பாஷையான பிரெஞ்சில், ஒரு நாடகம் எழுதினோம். என்ன கதை தெரியுமா? ஒரு பள்ளிக்கூட டான்ஸ். கடைசிக் காட்சியில் கதாநாயகி கதாநாயகனோடு ஆட வேண்டும். அந்த வேஷம் எனக்குத்தான் என்று சண்டை பிடித்து வாங்கினேன். என்னோடு ஆடியவன் ரெனே என்கிற ஹெய்ட்டி நாட்டுப் பெடியன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக ஆடுவான். கடைசிக் காட்சியைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் நாடகம். முதல் நாள் முன்வரிசையில் அம்மா, அப்பா, அம்மாவின் உயிர்ச் சிநேகிதி பரமேஸ் அன்ரி. அப்பாவின் தோளில் கமரா. கடைசிக் காட்சி வந்தது. பாட்டுத் தொடங்கியது. ரெனே என் இடுப்பில் கை வைத்தான், நான் அவன் தோளில் கை வைத்தேன். திடீரென்று கண் கூசியது. அப்பா மேடைக்கே ஏறி வந்துவிட்டார்! மணவறை ஏறிப் பழகிய கால் அல்லவா?

"பிள்ளை, ரெண்டு பேரும் இஞ்சாலை திரும்புங்கோ."

சொன்ன பிறகுதான் கமராவுக்குள் தெரிவது என்னவென்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டார். கீழேயிருந்து அம்மா, "அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!" என்றார். கையை எடுத்தால் நாளைய நாடகம் இல்லை, இனி ஒரு மேடையும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் எடுக்கவில்லை.

"அப்பா, விலகி நில்லுங்கோ. நான் ஆடி முடிச்சிட்டுத்தான் வருவன்."

தமிழில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். இதுவும் நாடகம்தான் என்று நினைத்து சனம் கை தட்டியது. அப்பா இரண்டடி பின்னால் போனார். லைற்றை மட்டும் அணைக்கவில்லை. பாட்டு முடியும்வரை ஆடினேன்.

அன்றைக்கு வீட்டில் விழுந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. "ஆரோ ஒருத்தன்ரை கையைப் பிடிச்சு ஆடினவளை நாளைக்கு ஆர் கட்டுவினம்? முதல்ல அந்த வீடியோக் கசற்றை அழியுங்கோ" என்றார் பரமேஸ் அன்ரி. "அதே கசற்றில மேல ஒரு கலியாணத்தை எடுத்தா பழசு தன்ரை பாட்டில அழிஞ்சு போகும்" என்றார் அப்பா. நாளைக்கு நாடகத்துக்குப் போனால் காலை முறிப்பேன் என்றார் அம்மா. அடுத்த நாள் பஸ் எடுத்துப் போனேன், ஆடினேன், முறியாத காலோடு திரும்பி வந்தேன். அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

பிறகு பரமேஸ் அன்ரியின் மகளுக்கே கலியாணம் வந்தது. அப்பா அந்தக் கசற்றில்தான் எடுத்தார். அதைப் பிரதியெடுத்த கொப்பிகள் லண்டன், பாரிஸ், யாழ்ப்பாணம் என்று உறவுக்காரர் வீடுகளுக்குப் போயின. ஒருநாள் லண்டனிலிருந்து அன்ரியின் தமையன் ரெலிபோனில் கேட்டாராம், "கலியாணம் முடிய மேடையில ஒரு பிள்ளை ஆடுது, ஆரடி அது? நல்லா ஆடுறாள்." கலியாணம் முடிந்த இடத்துக்குப் பிறகு என் கடைசிக் காட்சி முழுதாக அப்படியே இருந்திருக்கிறது! அன்ரி எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார். "கவனிக்காமல் விட்டிட்டன்" என்றார் அப்பா. கடைசி நிமிடம்வரை போட்டுப் பார்க்காமல் ஒரு கசற்றையும் கொடுத்தறியாத மனிதர் அவர். வேண்டுமென்று செய்தீர்களா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது அப்பா இல்லை. அவர் தோளைச் சாய்த்த அந்தப் பாரமான கமராவும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் மேடையை உடைத்து உடற்பயிற்சிக்கூடம் ஆக்கிவிட்டார்கள். கசற் போடுகிற மெஷின் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலும் கிடையாது. நான் ஆடியது லண்டனிலும் பாரிஸிலும் யாருடைய அலுமாரி அடித்தட்டிலோ கிடக்கிறது. அதை இனி ஒருவராலும் போட்டுப் பார்க்க முடியாது. கிடக்கட்டும். மேலே இன்னொரு கலியாணத்தை எடுத்து அழிக்கவும் இனி ஒருவராலும் முடியாது.