வீட்டுக்கு ஒரு பேர்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். ஹட்டனில் தூறல்; காற்றில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தின் வராந்தாவில், மின்னிணைப்பு வகுப்பு நேர்முகத்துக்கு இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருமுறை எண்ணினேன். இருபத்தொருவர் பையன்கள். மிச்சம் ஒருத்தி என் பேத்தி.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "பிள்ளை, தையலிலை இடம் கிடக்கு. கரண்ட் வேலை உமக்கு என்னத்துக்கு?" என்றார்.

"எங்க வீட்டுல கிழிஞ்சது ஒண்ணும் இல்லைங்க சார். லைட்டுதான் எரிய மாட்டேங்குது."

அவர் சிரித்துவிட்டார். "வாய்க்காரி! சரி, எடுக்கிறன். ஆனா செய்முறைப் பயிற்சிக்கு ஒரு ஃபெக்டரி வேணும். உங்கட தோட்டத்துக் கடிதத்தோட வெள்ளிக்கிழமை வாரும்."

எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் பயிற்சிக்கு வீட்டுக்கு ஒரு பேர்தான் எடுப்பார்கள். பிறகு வேலையும் அந்தப் பேருக்குத்தான். எங்கும் எழுதி வைக்காத வழக்கம்.

சாயங்காலம் மருமகள் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். என் மகன் செத்துப் போனபின் அவள் சம்பளத்திலும் என் தபால்கந்தோர் ஓய்வூதியத்திலும்தான் வீடு ஓடுகிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"போன வாரமே சங்கத் தலைவர் வந்து ஃபெக்டரிக்குப் பேரு கேட்டாரு மாமா. மகன் பேரைக் குடுத்துட்டேன்."

பேரன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். இரண்டு வருடத்தில் மூன்று தடவை வந்தான்.

"அவன் கேட்டானா?"

"கேக்கல. நான் வேலையிலேருந்து நின்னுட்டா தோட்டத்துல நம்ம வீட்டுக்கு யாரு இருக்கா? தோட்டம் குடுத்த இந்த லயத்துக் காம்பராவ விடச் சொன்னா எங்க போறது? இவ கட்டிக்கிட்டு வேற தோட்டத்துக்குப் போயிருவா."

"போறேன்னு நான் சொன்னேனாம்மா?" என்றாள் பேத்தி.

"நானும் சொல்லல. பொறந்த தோட்டத்த விட்டுப் போய்த்தானே இங்க வந்து நிக்கிறேன்."

மறுநாள் தொழிற்சங்கத் தலைவரிடம் போனேன். "பேரு ஆபீசுக்குப் போயிருச்சுங்க ஐயா. பையனே வேணாம்னா மாத்தலாம்" என்றார். பேரனுக்கு போன் எடுத்தேன். ஐந்தாவது தடவைதான் எடுத்தான்.

"நான் வரமாட்டேன் தாத்தா. ஆனா பேரு கெடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கடிதமில்லாமல் போனோம். அதிகாரி எங்கள் வெறுங்கைகளைப் பார்த்தார். "தையலுக்கே போட்டுருங்க சார்" என்று பேத்தியே சொன்னாள்.

நன்றாகத் தைக்கிறாளாம். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பயிற்சி இலவசம். கத்தரி, துணி, நூல், பஸ் கூலி என்று எனக்குச் செலவானது பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபா.