வரிசைக்குள் வராதவர்கள்

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் தேவிப்ரியா ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். நெசவாளர் சம்பந்தத்தின் மூத்த மகள், வயது முப்பது. பழைய புடவையை ஸ்கேன் செய்து, கணினித் திரையில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக நிறம் நிரப்புவது அவர் வேலை. ஸ்கேனில் விழுந்த தூசுப் புள்ளிகளை அழிப்பார். பூ வரிசையில் எங்காவது ஒன்று விட்டுப்போயிருந்தால் பக்கத்துப் பூவை நகலெடுத்து அங்கே வைப்பார். இதற்கெல்லாம் அவர் யோசிப்பதே இல்லை. கை தானாகச் செய்துவிடும்.

சென்ற ஆண்டு ஒருநாள், சூடான் போரில் வீடிழந்த குழந்தைகளின் படத்தைக் கைபேசியில் பார்த்தார். எல்லோரையும்போல அழுகிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பக்கத்து நாற்காலி சூர்யகலா எட்டிப் பார்த்தார்.

"அழுவுற பொம்மை போட்டா அங்க யாருக்குனா வயிறு ரொம்புதாக்கா?"

கேலிதான். ஆனால் அன்று தேவிப்ரியாவுக்கு வேலை ஓடவில்லை. காசில்லாதவர் இதற்கு என்னதான் செய்ய முடியும் என்று தேடத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்தும் தன்னார்வலர்கள், வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து அகதி முகாம்களுக்கு வரைபடம் போடுகிறார்கள் என்று தெரிந்தது. எந்த இடத்தில் எத்தனை பேர் என்று தெரியாமல் தண்ணீர்க் குழாயை எங்கே நடுவது? போரை நடத்துகிறவர்களுக்குத் துப்பாக்கி தவறாமல் போய்ச் சேருகிறது. அதற்கு யாரும் வரைபடம் கேட்பதில்லை. தண்ணீருக்குத்தான் கேட்கிறார்கள்.

தேவிப்ரியா தினமும் சாப்பாட்டு நேரத்தில் வரைந்தார். கூடாரத்துக்கு ஒரு கட்டம். அவருடைய வேகத்தைப் பார்த்து வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டி எழுதினார்கள்.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தக் கடிதம் வந்தது. சூடானிலிருந்து எல்லை தாண்டி சாட் நாட்டுக்குள் வந்தவர்கள் தங்கியிருக்கும் முகாம் ஒன்றை அவர் வரைந்து முடித்து எட்டு நாளாகியிருந்தது. வரைபடத்தில் இருந்த பெயரைப் பார்த்து அங்கிருந்து ஹவா என்ற பெண் எழுதியிருந்தார். கைபேசி அதைத் தமிழாக்கிக் கொடுத்தது.

"நான் இந்த முகாமில் வசிக்கிறேன். உங்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். ஏழாவது வரிசையில் நீங்கள் வரைந்த ஆறு கூடாரங்கள் இங்கே இல்லை. அவை தீயில் எரிந்துவிட்டன. ஒன்று என் அக்காவுடையது. அவளும் இல்லை. வரிசைகளுக்கு நடுவே வசிக்கும் நாங்கள் யாரும் உங்கள் படத்தில் இல்லை. குழாய்களை எங்கே நடுவது என்று இன்று நண்பகலில் முடிவு செய்கிறார்கள்."

தேவிப்ரியா வானிலிருந்து எடுத்த படத்தையும் தான் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏழாவது வரிசையில் ஆறு இடங்கள் கருப்பாக இருந்தன. விட்டுப்போன பூ என்று கை நினைத்திருக்கிறது; பக்கத்துக் கூடாரத்தை நகலெடுத்து நிரப்பியிருக்கிறது. வரிசைகளுக்கு நடுவே கோணலும் மாணலுமாக ஏதோ சிதறிக் கிடந்தது. பெரிதாக்கினார். தூசு என்று விட்டுவிட்ட ஒரு புள்ளிக்கு நிழல் இருந்தது. குச்சி, கிழிந்த சாக்கு, பக்கத்தில் ஒரு மஞ்சள் கேன். அடுத்த புள்ளிக்கும் நிழல் இருந்தது. அதற்கடுத்ததற்கும்.

இறந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, இருப்பவர்களைத் துடைத்துப் போட்டிருக்கிறார். கார்டு இல்லாதவனுக்கு அரிசி இல்லை, பட்டா இல்லாதவனுக்கு வீடு இல்லை என்று இங்கே அலுவலகத்தில் சொன்னால் நமக்குக் கொதிக்கிறது. அதே வேலையை, ஒரு காசு வாங்காமல், நல்லது செய்கிறோம் என்று நம்பி அவர் செய்திருந்தார்.

அங்கே நண்பகல் என்றால் இங்கே மாலை நாலரை. ஐந்தரை மணி நேரம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பட்டு வியாபாரி கமலக்கண்ணன், முகூர்த்தப் புடவை டிசைனுக்காக எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, ஜல்தி முடி. தறிக்காரன் சும்மா உக்காந்துகினு இருக்கான்."

"இன்னைக்கு ஆவாதுங்க. நாளைக்குத் தரேன்."

கமலக்கண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். "இது எந்த ஊரு?"

"சூடான்காரங்க முகாம். தண்ணி போகணும். நான் தப்பா வரைஞ்சிட்டேன்."

"அவன் நம்மகிட்ட புடவையா வாங்குறான்?"

"வாங்கமாட்டாங்க. தண்ணி குடிப்பாங்க."

"ஒலகத்துல நடக்குறதுக்கு நாம இன்னா பண்ண முடியும்? போன வாரம்கூட ஒலக சமாதானத்துக்கு ஓமம் நடத்தினோம். ஒரு டின்னு நெய் நான் குடுத்தேன்."

"பொகை அந்த ஊரு வரைக்கும் போச்சாங்க?" என்றார் சூர்யகலா, தலையைத் திருப்பாமல்.

கடை முதலாளி ஜெயச்சந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "பேஜார் பண்ணாதீங்க. அண்ணே, நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து குடுக்கறேன். தேவி, உன் ஒருத்தியால முடியுமா?"

"பாதிய எங்கிட்ட தள்ளுக்கா," என்றார் சூர்யகலா.

இருவரும் வரைந்தார்கள். நகலெடுக்கும் பொத்தானைத் தேவிப்ரியா தொடவில்லை. ஒவ்வொன்றையும் நிழல் பார்த்து, தனித்தனியாக, கோணலாக இருந்தால் கோணலாகவே வரைந்தார். கருப்பு இடங்கள் ஆறையும் காலி செய்தார். நாலேகாலுக்கு எண்ணிக்கை நின்றபோது, வரிசைக்குள் வராத குடிசைகள் நானூற்றுப் பதினெட்டு.

அனுப்பினார். ஐந்து மணிக்கு ஹவாவின் பதில் வந்தது. "இரண்டு குழாய்கள் எங்கள் சந்துக்கு வருகின்றன."

சூர்யகலா கைதட்டினார். தேவிப்ரியா கேட்டு எழுதினார்: "என்னுடைய பழைய படத்தை யாராவது பயன்படுத்தினார்களா?"

"ஆமாம். எட்டு நாளாகத் தண்ணீர் லாரி அதைப் பார்த்துத்தான் நின்றது. எங்கள் பக்கம் நிற்கவில்லை."

"எட்டு நாள் என்ன குடித்தீர்கள்?"

"குட்டைத் தண்ணீர். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. எல்லாம் உங்களால் அல்ல. இருக்கிற தண்ணீரே எல்லோருக்கும் போதாது. வரைவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."

சூர்யகலா அதை முதலாளிக்கும் படித்துக் காட்டினார். ஜெயச்சந்திரன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தெரிஞ்சா செஞ்ச? விடும்மா. சரி பண்ணிட்ட இல்ல?"

"இத சரி பண்ணிட்டேங்க," என்றார் தேவிப்ரியா. "இதுக்கு முன்னாடி பதினோரு முகாம் வரைஞ்சிருக்கேன்."

ஒரு வருடமாகத் தான் வரைந்த அந்தப் பதினோரு முகாம்களின் பட்டியலைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததைத் தொட்டார். திரை முழுவதும் கூடாரங்கள் விரிந்தன. வரிசை வரிசையாக, ஒரு பிசிறுகூட இல்லாமல், அவ்வளவு அழகாக இருந்தன.