வானத்திலிருந்து ஒரு சீர்த்தட்டு

எங்கள் ஊரில் வீட்டு வாசலில் சாலையை மறித்துக் கூடாரம் போடுவதென்றால் மாவட்ட மன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் ஒன்று: கூடாரத்தின் கூரைமேல் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது, மீறினால் அனுமதி ரத்தாகும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே மன்றத்தின் உரிமப் பிரிவில் முடி நரைத்து ஓய்வுபெற்றவன் நான். வைக்கக் கூடாது என்று எழுதிய எங்களில் ஒருவருக்கும், பொருள் தானாகவே வந்து விழுந்தால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றவில்லை.

அது விழுந்தது சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊரான யோங் பெங்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பரிசத்தன்று.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வுக்குப் பிறகு மற்றவர்கள் வாழை நட்டார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கினார்கள். நான் அறிவியல் புனைகதை எழுத ஆரம்பித்தேன். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மதியத்துக்குள் இரண்டு கோள்களுக்குப் போய் வந்துவிடுவேன். எங்கள் வீட்டு வரிசையில் எனக்கு ‘ராக்கெட் அங்கிள்’ என்று பெயர். மரியாதையாகச் சொல்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை. விசாரணையின் முடிவு என்னவாக இருக்கும் என்று ஓரளவு தெரியும்.

நான் கையால் எழுதுவேன். கணினியில் அடித்துத் தருவது பக்கத்து வீட்டுப் பெண். பத்து பாகாட் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. சட்டையில் நூல் பிரிந்திருந்தால் கண்டுபிடிக்கிற அதே கண்ணோடு என் கதைகளையும் பார்ப்பாள். ஒருமுறை, "அங்கிள், இந்த வேற்றுக்கிரகவாசி பூமியில இறங்குறதுக்கு ஏன் மூணு பிரதி ஃபாரம் கொடுக்கிறாரு?" என்று கேட்டாள். நாகரிகமடைந்த இனம் எதுவானாலும் மூன்று பிரதி கேட்கும் என்றேன். சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தாள்.

அவளுக்கு முன்பு இரண்டு இடம் பேசி நின்றுபோயிருந்தது. ஒன்று ஜாதகத்தால். இன்னொன்று ஏன் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. இந்தப் பொந்தியான் ஊர்ப் பையனை அவளே பழகிப் பிடித்துக்கொண்டாள். ஒரே சிக்கல், பையன் அவளைவிட இரண்டு வயது இளையவன். அவனுடைய பெற்றோருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த வீட்டில் உத்தரவு போடுவது பெற்றோர் அல்ல, பையனின் அத்தை. சகுனம் பார்ப்பதில் கறாரானவர். உடும்பு குறுக்கே போனதற்காக ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பிய காரையே திருப்பச் சொன்னவர் என்று கேள்வி. இந்தப் பரிசத்துக்கு அவர் கொடுத்திருந்த சம்மதம் இவ்வளவுதான்: "நான் வந்து பார்க்கிறேன். மனசுக்குச் சரின்னு பட்டா தட்டு மாத்துவோம். இல்லன்னா சாப்பிட்டுட்டு வந்துருவோம்."

எனவே அன்று காலை அந்த வீட்டில் எல்லோரும் கண்ணாடிமேல் நடப்பதுபோல் நடந்தார்கள். பூனையைப் பின்கட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். நான் கூடாரத்துக்கடியில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவசர வண்டி நுழைய இடம் விட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. அதை மதிக்கிறவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

தலைக்கு மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம். கூரைத் துணி குழிந்து மீண்டது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தோம். கூரையின் சரிவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து நீளமாக ஒரு கயிறு. கயிற்றின் முனையில் கிழிந்த தோல் மாதிரி ஏதோ வெளுப்பாகத் தொங்கியது. பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"அலமாக்!" என்று பதறினார் சமையலுக்கு வந்தவர், கரண்டியோடு.

அடுத்த நிமிடம் எல்லோர் முகமும் என் பக்கம் திரும்பியது. நியாயம்தான். வானத்திலிருந்து பொருள் விழுகிற கதை மட்டும் நான் ஆறு எழுதியிருந்தேன். ஆறிலும் கதாநாயகன் நேரே நடந்துபோய் வெறுங்கையால் அதைத் தொடுவான். அன்று நான் நின்ற இடம், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்குப் பின்னால்.

சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் தொடக்கூடாது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும், காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் உடனே செய்தேன். எல்லோரையும் பின்சந்துக்குப் போகச் சொன்னேன். மூன்றாவதற்குக் கைப்பேசியை எடுத்தபோது பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, போலீஸ் வந்தா நாடா கட்டிருவாங்க. அவங்க பஸ்ஸு யோங் பெங்குக்குள்ள வந்துருச்சாம். அந்தம்மா நாடாவப் பார்த்தா பஸ்ஸை விட்டே இறங்க மாட்டாங்கண்ணே."

"வெடிச்சா?"

"வெடிச்சாலும் இறங்க மாட்டாங்க."

வாழ்நாளில் முதல்முறையாக எனக்கு நடைமுறை தெரிந்திருந்தது பாரமாக இருந்தது. மூன்றாவது முறையும் இவள் கல்யாணம் நின்றால் அதற்கு என் கைப்பேசி காரணமாக இருக்கும். அழைக்காமல் விட்டு ஏதாவது நடந்தால் அதற்கும் அதே கைப்பேசிதான் காரணம்.

அந்த நேரத்தில் அது மணியடித்தது. பெண்தான். மாடி அறையில் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அவள் சன்னலுக்கு நேர் கீழேதான் பெட்டி கிடந்தது.

"அங்கிள், மேக்கப் அக்கா வாயத் திறந்து கத்தக் கூடாதுங்கிறாங்க, அதான் போன் பண்றேன். நீங்க ஏன் நாற்காலிக்குப் பின்னால நிக்கிறீங்க?"

சன்னலை விட்டுத் தள்ளிப்போகச் சொன்னேன். நான் சொன்னதை அவள் கேட்டதில்லை, என் கதைகளில் நான் போட்ட காற்புள்ளியைக்கூட மாற்றிவிடுவாள். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, ஒரு கண்ணுக்கு மட்டும் மை. அந்தக் கோலத்தில் எட்டிப் பார்த்து, கைப்பேசியில் பெட்டியைப் பெரிதாக்கிப் படமெடுத்து, அதில் ஒட்டியிருந்ததை வாசித்தாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: வானிலைக் கருவி. ஆபத்தில்லாதது.

"உங்க ஆளுங்க யாரும் உள்ள இல்ல அங்கிள்" என்றாள். குரலில் லேசான வருத்தம் இருந்ததாக எனக்குப் பட்டது.

இருந்தாலும் நடைமுறை நடைமுறைதான். காவல் நிலையத்துக்கு அழைத்தேன். படத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பேசிய மலாய்க்காரத் தம்பி சிரித்துவிட்டார். "வானிலை பலூன் லா, பாக்சிக். எடுத்து ஓரமா வைங்க" என்றார் மலாயில். மலாயிலும் நான் அங்கிள்தான். பின்னால் கேட்ட பாட்டுச் சத்தம் என்ன விசேஷம் என்று விசாரித்தார். சொன்னேன். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

இனி அதைக் கீழே இறக்கவேண்டும். ஏணி சாய்த்தால் கூடாரமே சாய்ந்துவிடும். யோசித்துக்கொண்டிருந்தபோது மாடிச் சன்னலிலிருந்து துணி காயப்போடும் மூங்கில் ஒன்று வெளியே நீண்டது. அதன் மறுமுனையில் பெண். "துண்ட விரிச்சுப் பிடிங்க அங்கிள், தள்ளுறேன்." வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி அதற்குள் காலாவதியாகியிருந்தது.

தோளில் கிடந்த துண்டை விரித்து, அண்ணாந்து பார்த்தபடி, இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி என்று நகர்ந்துகொண்டிருந்தேன். என் பின்னால் தெரு திடீரென்று அமைதியானது.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பேருந்தைத் தெருமுனையில் நிறுத்தி, தட்டுகளை ஏந்தி வரிசையாக நடந்து வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்னால் அத்தை. அவர் பார்வை முதலில் என் துண்டில் விழுந்தது. அங்கிருந்து மூங்கிலுக்குப் போய், மூங்கில் வழியாகவே ஏறி, அதைப் பிடித்திருந்த மணப்பெண்ணில் நின்றது. பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்துப் பெட்டி சறுக்கி வந்து என் துண்டில் விழுந்தது, விளக்கு மினுக்கிக்கொண்டே.

"என்னாது அது?" என்றார் அத்தை.

என்னிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. பொய் கட்டுவதுதானே என் தொழில். தோரணம், குழந்தைகள் விளையாட்டுச் சாமான், கூடாரக்காரர் விட்டுப்போன விளக்கு. எதைச் சொல்லலாம் என்று தேர்ந்தெடுப்பதற்குள் மேலிருந்து குரல் வந்தது. "உள்ளதச் சொல்லுங்க அங்கிள்."

சொன்னேன். மழை, காற்று, குளிர் எல்லாம் அளப்பதற்குப் பலூனில் கட்டி மேலே அனுப்புகிற கருவி. உயரத்தில் பலூன் வெடித்து இங்கே இறங்கிவிட்டது என்றேன்.

"எவ்ளோ உசரம் போயிருக்கும்?"

"மேகத்துக்கும் மேலம்மா. ஏரோப்ளேன் போறதுக்கும் மேல."

"அவ்ளோ மேலருந்து விழுந்தும் விளக்கு அணையல?"

"இல்லம்மா. எரியுது."

அத்தை திரும்பித் தன் பின்னால் நின்ற தட்டுகளைப் பார்த்தார். பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. வழியில் பேருந்து சடாரென்று பிரேக் போட்டதில் லட்டுத் தட்டு கவிழ்ந்து எல்லாம் தரையில் உருண்டுவிட்டது. ஒற்றைப்படையில் கிளம்பிய சீர்த்தட்டு இரட்டைப்படையில் வந்து நிற்கிறது. இரட்டைப்படையில் தட்டு வைத்துப் பரிசம் போட அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதற்காகத் திரும்பிப் போனால் தன் பக்கத்து அபசகுனத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகும். பாவம், எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்துபோய் வந்திருக்கிறார்.

"ஒரு தட்டு கொண்டாங்க" என்றார்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் என் உத்தியோகம் விழித்துக்கொண்டது. "அம்மா, இது அரசாங்கச் சொத்தா இருக்கலாம்" என்றேன்.

"அரசாங்கம் கேட்டா குடுத்துருவோம். நீங்க வைங்க."

பெண்ணின் அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம். "எங்க கூரையில விழுந்தது பொண்ணு வீட்டுச் சாமான் ஆயிராதுங்களா?"

"அதெப்படி? நாங்க ரோட்டுல வந்தோம். அது எங்ககூடவே மேல வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுத் தட்டுதான்."

நிலம், நீர், கூரை எல்லாவற்றுக்கும் உரிமைச் சட்டம் படித்தவன் நான். இதைவிடத் தெளிவான தீர்ப்பைக் கேட்டதில்லை. வெற்றிலை பரப்பிய தட்டில் பெட்டியை வைத்தேன். அத்தை அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். மாப்பிள்ளைப் பையன் குனிந்து பெட்டியையே ஆராய்ந்துகொண்டிருந்தான். "அதையாடா பார்க்க வந்த? பொண்ணப் பாரு" என்று அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

பெண் கீழே இறங்கி வந்தாள், இப்போது இரண்டு கண்ணிலும் மையோடு. அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். வயதைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

"கம்ப ஆட்டுனது நீதான?"

"ஆமாங்க அத்தை."

"இவனும் இவங்கப்பனும் கூரையில எலி ஓடுனாக்கூடக் கீழ நின்னு என்னைத்தான் கூப்பிடுவானுங்க. எனக்கும் முட்டி வலிக்குது." இதைச் சொல்லும்போது அவர் கண் ஒரு தடவை என் துண்டுக்கு வந்துபோனது. நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

தட்டு மாற்றினார்கள். காவல் நிலையத் தம்பி பணி முடிந்து வந்து, சைவச் சாப்பாடு என்று தெரிந்தும் மனம் கோணாமல் இரண்டு முறை பாயசம் வாங்கினார். அத்தை எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று விசாரித்தார். வேறு கிரகத்து மனிதர்கள் பூமிக்கு வருகிற கதை என்றேன். வந்தவர்களுக்கு யார் சமைப்பது என்று கேட்டார். ஆறு கதைகளிலும் ஒருவரும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

மறுநாளே வானிலை அலுவலகத்துக்கு முறைப்படி எழுதினேன். கண்டெடுத்த இடம், பொருளின் தற்போதைய நிலை (குங்குமம் உட்பட), திருப்பி அனுப்ப வேண்டுமா என்ற கேள்வி. மூன்று பிரதிதான். பதில் வரும்வரை பெட்டியைப் பெண் வீட்டாரிடம் ஒப்படைக்க நான் சம்மதிக்கவில்லை, என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அத்தை வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னாங்க ஐயா, அரசாங்கம் என்னா சொல்லுது?" என்று கேட்பார். பரிசீலனையில் இருக்கும் என்பேன். அடுத்து அரைமணி நேரம் பேச்சு வேறெங்கோ போகும். மனைவி போன பிறகு என் வீட்டுத் தொலைபேசி அவ்வளவு நேரம் உழைத்தது அந்த மாதங்களில்தான்.

இப்போதும் காலையில் பசியாறிவிட்டு எழுத உட்காருகிறேன். என் கதைகளில் வானத்திலிருந்து எது விழுந்தாலும், விஞ்ஞானிக்கு முன்னால் ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள், ஓர் அத்தை தட்டு கேட்கிறார். வாசகர்கள் முன்பைவிட நம்புகிறார்கள். தெரியாத பொருளைக் கண்டால் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு, பக்கத்தில் போய் வாசித்துச் சொல்ல ஒருத்தி அடுத்த வீட்டில் இருந்தது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பதை அந்தப் பெட்டி இன்றும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

‘கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, தாங்களே வைத்துக்கொள்ளலாம், அக்கறைக்கு நன்றி’ என்ற பதில் என் கைக்கு வந்து சேர்ந்தது ஆவணி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தபால் இல்லாத நாளில், மின்னஞ்சலாக, அந்தப் பெண்ணின் கல்யாண மண்டபத்தில் அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது.