பூட்ஸுக்கும் ஒரு பொட்டு

நான் மரம் ஏறக் கற்றுக்கொண்டது என் கணவர் மரத்திலிருந்து விழுந்த பிறகுதான். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டேன் என்றால் அது பொய். கோபத்தில் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அல்சூர் பக்கம் குடியிருந்தோம். பெரிய வீட்டுக் காம்பவுண்டுகளில் பட்டுப்போன மரங்களை, கூரைமேல் விழாமல் துண்டு துண்டாக அறுத்து இறக்குவது எங்கள் தொழில். அவர் மேலே, நான் கீழே கயிற்றோடு. ஒருநாள், அறுத்த கிளையின் முண்டு ஒன்றைத் தாண்ட, ஒரு நிமிஷம்தானே என்று, இரண்டாவது கயிறு கட்டிக்கொள்ளாமலே, மரத்தைச் சுற்றி மாட்டியிருந்த இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். விழுந்தார். நொறுங்கிய கணுக்கால் ஒட்டியது, ஆனால் அதன்பிறகு மடங்கவே இல்லை. நடக்கலாம், ஏறக் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

மனுஷன் பேச்சையே விட்டுவிட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து, ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரிக்கு வாட்ச்மேனாகப் போகிறேன் என்றார். வாழ்நாளெல்லாம் மரத்து உச்சியில் நின்ற ஆள், கேட் ஓரம் ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் கால்முள்ளை எடுங்க. நான் ஏறறேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஆமா, பைத்தியந்தான். நீங்க கீழ நின்னு சொல்லிக் குடுங்க. ஒண்ணாந்தேதிக்குள்ள எனக்கு வரலேன்னா ஹெப்பகோடிக்கே போங்க, நான் வாயே தொறக்கல."

கால்முள் என்றால் சேவல் காலில் இருக்குமே, அது மாதிரி. கெண்டைக்காலின் உட்பக்கமாக ஓர் இரும்புப் பட்டை, பாதத்தின் கீழ் ஒரு வளையம், உட்புறம் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முள். வாரால் கட்டிக்கொண்டு மரத்தில் குத்திக் குத்தி ஏற வேண்டும். உயிருள்ள மரத்தில் அதோடு ஏறக் கூடாது. ஒவ்வொரு மிதியும் மரத்துக்கு ஒரு காயம். இதை மட்டும் அவர் விழுந்து படுத்திருந்தபோதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி சைட்டில் பட்டுப்போன நீலகிரித் தைல மரம் ஒன்று மொட்டையாக நின்றது. அதில்தான் பாடம். எந்த மரத்தில் கை வைப்பதானாலும், முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, "பொறுத்துக்கோ தாயே" என்று தொட்டுக் கும்பிடுவோம். கும்பிட்டு முடித்ததும் அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார். கீழே நின்றவரை எனக்கு அது உறுத்தியதே இல்லை. என் கால் என்று வந்ததும் மனசு கேட்கவில்லை. கும்பிட்ட மரத்தைத் தோல் பூட்ஸால் மிதிப்பதா? அவர் கயிறு எடுக்க அந்தப் பக்கம் போன நேரத்தில், வெறுங்காலிலேயே இரும்பைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

இரண்டு ஆள் உயரம்கூடப் போயிருக்க மாட்டேன். வளையம் உள்ளங்காலை அறுத்தது. வலி தாங்காமல் பாதத்தைத் திருப்பினேன், முள் பிடுங்கிக்கொண்டது. சர்ரென்று வழுக்கினேன். பெல்ட் பிடித்து நிறுத்தியது, கன்னத்துத் தோல் போனதோடு சரி.

அவர் நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். என் காலைப் பார்த்தார். சிவாஜிநகரில் என் அளவுக்குத் தேடி வாங்கியிருந்த பூட்ஸ் ஓரமாகக் கிடப்பதைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"ஆயுத பூஜைக்கு ரம்பத்துக்குப் பொட்டு வெக்கிறியே, அது மட்டும் மரத்தைத் தடவிக் குடுக்குதா? இதுவும் நம்ம ஆயுதந்தான். இதுக்கும் ஒரு பொட்டு வையி. தெருவுல போட்டுக்காத, அவ்ளோதான்."

வைத்தேன். அன்றோடு அது எனக்குச் செருப்பாக இல்லாமல் போயிற்று.

ஆனாலும் பயத்தில் மரத்தை மார்போடு அணைத்துக்கொள்வேன். ஒட்டிக்கொண்டால் முள் சாய்ந்து வழுக்கிவிடும். முட்டியை விலக்கி, பெல்ட்டில் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும்.

"அடியே, கட்டிப் புடிக்காத! உன் புருஷன் நான் கீழ நிக்கிறேன்!"

அக்கம்பக்கமெல்லாம் சிரித்தது. எனக்கு மானம் போனது. ஆனால் விழுந்த நாளிலிருந்து அவர் அடித்த முதல் கிண்டல் அது. அதற்காகவே இன்னும் நாலு தரம் கட்டிப் பிடித்திருப்பேன்.

மாதக் கடைசியில் ஒரு வேலை வந்தது. ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நின்ற, பட்டுப்போன சில்வர் ஓக். ஏறினேன். பாதியில் ஒரு கிளைமுண்டு குறுக்கே நின்றது. பெல்ட்டைக் கழற்றி, முண்டுக்கு மேலே மாட்டினால்தான் தாண்ட முடியும். அதுவரை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தவரிடமிருந்து சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கல்யாணமான நாளாக வாயில் வராத வார்த்தை வந்துவிட்டது.

"யோவ்! மேல பாருய்யா! நீ பாத்தாத்தான் அவுப்பேன். இல்லேன்னா இங்கயே நிக்கிறேன், பொழுதுக்கும்!"

மெதுவாக அண்ணாந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரெண்டாவது கயிறு கட்டுனியா?"

"கட்டிட்டேன்."

"இழுத்துப் பாரு."

"இழுத்தேன். கல்லு மாதிரி நிக்குது."

"சரி. இப்ப அவுரு."

கழற்றினேன். முண்டைத் தாண்டி மாட்டினேன். "க்ளிக்" சத்தம் கேட்டுதா என்றார். கேட்டது என்றேன். அவர் விட்ட பெருமூச்சு எனக்கு மேலேயே கேட்டது.

உச்சியை அறுத்துக் கயிற்றில் இறக்கும்வரை பக்கத்து காம்பவுண்டுக்காரர் மதிலோரம் நின்று வேடிக்கை பார்த்தார். முடிந்ததும், தன் தோட்டத்திலும் ஒரு பட்ட மரம் நிற்கிறது, ஒன்றாம் தேதி வருவீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். ஒன்றாம் தேதி ஹெப்பகோடி. நான் மேலிருந்து என் கணவரையே பார்த்தேன்.

இவர் யோசிக்கவே இல்லை. "பர்த்தீவி சார்" என்றார், வருகிறோம் என்று. "ரெண்டு பேரும்."

பெல்ட்டில் சாய்ந்தபடியே அழுதுவிட்டேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தேன்.

"ஏய்! அழுவறதெல்லாம் எறங்கி வந்து அழுவு! கையை மரத்துல வெய்யி!"