கப்பல் நேரத்துக்காரர்

வேன்காரர் ஒரு காலத்தில் நான்கு விமான டிக்கெட்டுக்குக் கடன்பட்டிருந்தார். சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கித் துறைமுக வாசலுக்கு வருகிறவர்களிடம், வணக்கம் சொன்ன கையோடு அவர் எடுத்துவிடுவது இந்தக் கதையைத்தான்.

"மொத வருஷம். நாலு பேர மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். பாதி வழியில பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். திரும்பி வந்து பாத்தா கப்பல் சுண்டுவிரல் அளவுக்குத் தெரியுது. அடுத்த ஊருக்கு நாலு பேருக்கும் பிளேன் டிக்கெட் நாந்தான் எடுத்துக் குடுத்தேன். மச்சான் கிட்ட வாங்கின கடன், இருபத்தாறு மாசத்துல அடைச்சேன். அதுக்கப்புறம் பத்தொம்பது வருஷம், ஒருத்தர் கூடக் கப்பலத் தவறவிட்டதில்ல. எங்க, கப்பல் கம்பெனிக்காரன இப்படி ஒரு கதை சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

இதைக் கேட்டு அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "கடையத் தொறந்ததும் அழுகின தக்காளிய எடுத்து முன்னால வெக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள். உலகத்திலேயே ஒருத்தர் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழும். மீசையை ஒதுக்கிக்கொள்வார்.

வயது அறுபத்தேழு. படித்தது நாலாம் வகுப்பு. "அதையும் ரெண்டு தடவ படிச்சேன். கூட்டிப் பாத்தா எட்டாங்கிளாஸ்." ஆறு மொழிகளில் பேசுவார், ஆறிலும் சரளமாக வருவது 'நேரமாச்சு, கிளம்புங்க' என்பதுதான். வேனில் இப்போது இரண்டு ஸ்டெப்னி. இடது கையில் இரண்டு வாட்ச். மேலே இருப்பது கரை நேரம், கீழே இருப்பது கப்பல் நேரம். போகிற ஊருக்கெல்லாம் கப்பல் தன் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருக்காது. இந்த ஊரில் கரைக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடும். கடைசியாக ஏறவேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவதால், வாசலில் நிற்கும் மற்ற டிரைவர்கள் அவருக்கு 'ஒன்றரை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்று இறங்கி வந்தவர்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும் அவர் கணவரும். டீச்சரின் ஒரு கண் வேன் மேல், இன்னொரு கண் வரிசையாக நின்ற கப்பல் கம்பெனி பஸ்கள் மேல். பஸ்ஸுக்குத் தலைக்குத் தொண்ணூறு. வேன்காரருக்கு வண்டி முழுக்க நூறுதான்.

"பஸ் லேட்டானா?" என்று கேட்டார் டீச்சர்.

"கப்பல் காத்திருக்கும்."

"உங்க வேன் லேட்டானா?"

"காத்திருக்காது. போயிட்டே இருக்கும்" என்றார் வேன்காரர், ஏதோ நற்செய்தி சொல்வதுபோல.

டீச்சர் பஸ் பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள் காலை அடுத்த துறைமுகத்தில் மகள் வந்து நிற்பாள். பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. பேரனை இருவரும் தூக்கியதே இல்லை. அதில் மண் விழ விட அவர் தயாராக இல்லை. ஆனால் கணவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "பஸ்ல நாப்பது பேரு. கொடி புடிச்சிட்டு ஓடற கைடு பின்னால நான் ஓடணுமா? இவரு கூடப் போலாம்மா. பொய் சொல்லத் தெரியாத மனுஷனா இருக்காரு."

அட்வான்ஸ் நீட்டினார். வேன்காரர் வாங்கவில்லை. "திரும்பி வந்தப்புறம் பாத்துக்கலாம் சார்."

மலை உச்சிக்குப் போக ஒரு மணி நேரம். முழங்கால்காரருக்காக வேன் வளைவுக்கு வளைவு நின்றது. உச்சியில், கடலைப் பார்த்த மர பெஞ்சில் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். முப்பது வருஷம் மணி அடித்த மனுஷிக்கு மணி இல்லாத இடம் அகப்பட்டுவிட்டது. முகமே இளகிப்போனது. அந்த நேரம் பார்த்து வேன்காரர் வந்து நின்றார்.

"டீச்சர், கிளம்பலாம். ரெண்டரை ஆச்சு."

டீச்சர் போனை எடுத்துக் காட்டினார். "ஒன்றரைதான் ஆகுது. அஞ்சு மணிக்கு ஏறினா போதும். இன்னும் ரெண்டு மணி நேரம் நான் இங்கதான்."

"அது கரை நேரம். இறங்கினதுமே போன் தானா மாறிக்கும். கப்பல்ல இப்ப ரெண்டரை."

"என் போன் தப்பு, உங்க வாட்ச் சரியா?"

"போன் ரொம்பச் சரி டீச்சர். ஆனா கப்பல் அதப் பாத்துக் கிளம்பாது, தன் கடிகாரத்தப் பாத்துத்தான் கிளம்பும்."

"எனக்கே மணி பாக்கச் சொல்லித் தர்றீங்களா?" டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "சீக்கிரம் கூட்டிட்டுப் போயி அடுத்த சவாரி புடிக்கப் பாக்கறீங்க. ரெண்டு மணி நேரத்த முழுங்கினா நூறு தரமாட்டேன். எண்பதுதான்."

"எண்பதே குடுங்க. வண்டியில ஏறுங்க."

கணவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "நான் வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டு முதலில் ஏறினார்.

பாதி மலையில் ஒரு லாரி வளைவை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அச்சு முறிந்து, மணல் சாலையெல்லாம் கொட்டிக் கிடந்தது. மேலேயும் போகமுடியாது, கீழேயும் போகமுடியாது. வேன்காரர் எஞ்சினை அணைத்தார். ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தோலை ஒரே சுருளாக உரித்தார். ஆளுக்கு நாலு சுளை கொடுத்தார். கீழே இருக்கும் வாட்சை ஒருமுறை பார்த்தார். பிறகு லாரிக்காரனோடு சேர்ந்து மண்வெட்டி பிடிக்கப் போனார். அறுபத்தேழு வயதில் அவர் அள்ளிய மணலைப் பார்த்து மூன்று இளவட்டங்கள் வெட்கப்பட்டு இறங்கி வந்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். ஐம்பத்தைந்து நிமிஷத்தில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி பிறந்தது.

டீச்சர் அசரவில்லை. "இதுக்குத்தான் இவ்வளவு அவசரமா? இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு பாருங்க" என்று வழி நெடுகப் போனைக் காட்டிக்கொண்டு வந்தார்.

கப்பலின் ஏறுபடி வரைக்கும் வேன் போக வேன்காரரிடம் அனுமதிச் சீட்டு உண்டு. படியோரம் ஒரு பலகை இருந்தது. கடைசியாக ஏறவேண்டிய நேரம் ஐந்து என்று எழுதி, பக்கத்தில் கப்பலின் கடிகாரத்தை மாட்டியிருந்தார்கள். நான்கு இருபத்தைந்து. டீச்சர் போனைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. மறுபடி பலகையைப் பார்த்தார். உதடு அசைந்தது, மலை உச்சியில் தொடங்கி நேரத்தைக் கணக்குப் போட்டார். அந்த பெஞ்சில் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், கப்பல் நகரும்போது மலையைவிட்டே இறங்கியிருக்க மாட்டார்கள். விரல்கள் தாமாகப் போய்க் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டன.

"பேரப்பய தப்பிச்சான்" என்றார் கணவர்.

டீச்சர் கைப்பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தார்.

"பொறுங்க டீச்சர். மொதல்ல ஒரு கால படியில வைங்க. அதுக்கப்புறந்தான் நான் காசத் தொடுவேன்."

ஒரு கால் கப்பலிலும் ஒரு கால் கரையிலுமாக நின்று, டீச்சர் நோட்டுகளை மடித்து அவர் சட்டைப் பையில் திணித்தார். வேன்காரர் அதை வெளியே எடுத்து, கட்டை விரலை நாக்கில் தொட்டு எண்ணினார்.

"பத்துப் பத்தா பத்து நோட்டு. நூறு இருக்கு."

"தெரிஞ்சுதான் வெச்சேன்."

"நானும் தெரிஞ்சுதான் எண்பதுன்னு ஒத்துக்கிட்டேன். என் பேச்சு எனக்குப் பெருசு டீச்சர். கைய நீட்டுங்க."

முப்பது வருஷம் பிள்ளைகளிடம் தான் சொல்லி வந்த அதே கட்டளையைக் கேட்டதும், டீச்சர் மறுபேச்சு இல்லாமல் கையை நீட்டினார். வேன்காரர் அந்த உள்ளங்கையில் நோட்டுகளைத் திருப்பி வைத்தார். ஒன்று. இரண்டு.